மூணு யானை, ஒரே ஒரு கதவு

இந்த இதழுக்கு ஏதாவது எழுதித் தர்றேன்னு வாய் விட்டுட்டேன். என்ன தலைப்புன்னு எடிட்டர் கேட்டான். "ஸ்காட்லாந்து ஃபுட்பால் லீக்கோட ரெண்டாவது டிவிஷன்"னு சொன்னேன். "டேய், அவங்க ஃபர்ஸ்ட் டிவிஷனையே இங்க யாரும் பார்க்கல"ன்னான். நியாயமான கேள்விதான். ஆனா முழுசா படிச்சுட்டுச் சொல்லுங்க.

இது எனக்கு எப்படி மாட்டுச்சுன்னா, செகண்ட் இயர்ல ஹாஸ்டல்ல ஃபுட்பால் மேனேஜர் கேம் ஒரு தொற்று மாதிரி பரவியிருந்தது. எல்லாரும் மான்செஸ்டர், பார்சிலோனான்னு எடுக்க, நான் கௌடன்பீத்னு ஒரு கிளப்பை எடுத்தேன். ஒரே காரணம் அதோட பட்டப்பெயர்: 'ப்ளூ பிரேசில்'. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஒரு சின்ன ஊரின் கிளப் அது. அவங்க மைதானத்தில் புல்தரையைச் சுற்றி கார் ரேஸ் டிராக் ஓடும். பழைய கார்களை மோதவிட்டு ஓட்டுவாங்களே, அந்த ஸ்டாக் கார் ரேஸ். அதைப் பார்த்ததும் காதல்.

அப்புறம் அந்த கிளப்போட நிஜ வரலாற்றைத் தேடிப் படிச்சப்ப ஒரு ஸ்கோர் கண்ணில் பட்டது. 28 பிப்ரவரி 2015: ஹார்ட்ஸ் 10, கௌடன்பீத் 0. ஃபுட்பால்ல பத்து! ஹார்ட்ஸ் எடின்பரோ நகரத்தின் பெரிய கிளப், முழுப்பேர் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன். அவங்க ஏன் கார் ரேஸ் டிராக்குக்குள்ள ஃபுட்பால் ஆடுற ஒரு கிளப்போட ஒரே லீக்ல இருந்தாங்க? அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே போனப்ப கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல லீக் எப்படி இயங்குதுன்னு சொல்லிடறேன். நம்ம ஐபிஎல்ல கடைசி இடத்துக்கு வந்தாலும் அடுத்த வருஷம் அதே டீம் அதே லீக்ல ஆடும். ஐரோப்பிய ஃபுட்பால்ல அது கிடையாது. கடைசியா வந்தா கீழ் டிவிஷனுக்கு இறங்கணும், அங்கே ஜெயிச்சாத்தான் திரும்ப ஏறலாம். அரியர் மாதிரின்னு வெச்சுக்கங்க. ஆனா இந்த அரியர்ல டிவி பணம், ஸ்பான்சர், நல்ல பிளேயர்கள் எல்லாம் சேர்ந்து போயிடும்.

ஸ்காட்லாந்துல 2013-ல் லீக் அமைப்புகளை ஒண்ணாச் சேர்த்து நாலு அடுக்கா மாத்தினாங்க. மேலே பிரீமியர்ஷிப், அதில் 12 அணிகள். அடுத்தது சாம்பியன்ஷிப், 10 அணிகள். அதுக்குக் கீழே லீக் ஒன், லீக் டூ. சாம்பியன்ஷிப்ல ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோட தலா நாலு முறை மோதணும், ஆக 36 ஆட்டம். முதலிடம் வந்தா நேரா மேலே. ரெண்டு, மூணு, நாலாம் இடம் வந்தவங்க தங்களுக்குள்ள பிளேஆஃப் ஆடி, அதில் ஜெயிச்சவர் பிரீமியர்ஷிப்ல 11-வது இடம் வந்த அணியோட மோதணும். அதிலும் ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. மூணும் நாலும் முதல் சுற்றில் மோதுவாங்க, ரெண்டாம் இடத்துக்காரர் அடுத்த சுற்றில்தான் வருவார், மேல் டிவிஷன்காரர் கடைசிச் சுற்றில் மட்டும் வந்து உட்காருவார். ஒவ்வொரு சுற்றும் ரெண்டு ஆட்டம். மூணாம் இடத்துக்காரர் ஏறணும்னா ஏற்கெனவே ஆடின 36-க்கு மேல இன்னும் ஆறு ஆட்டம் ஆடணும். இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அப்போ, உறுதியான கதவு ஒண்ணே ஒண்ணு. 2014 ஆகஸ்ட்ல அந்தக் கதவு முன்னாடி மூணு யானை வந்து நின்னது: ஹார்ட்ஸ், ஹிபர்னியன், ரேஞ்சர்ஸ். மூணும் நூறு வருஷத்துக்கு மேல் பழைய கிளப்புகள். மூணும் விழுந்த விதம் வேற வேற. அந்த வித்தியாசத்துலதான் கதையே இருக்கு.

ரேஞ்சர்ஸ் விழுந்த விதம்

கிளாஸ்கோ நகரத்தின் ரேஞ்சர்ஸ்தான் இருக்கறதுலேயே பெரிய யானை. ஐப்ராக்ஸ் ஸ்டேடியத்தில் சுமார் 50,000 பேர் உட்காரலாம். 2011 மே மாதம் கிரெய்க் வைட் என்ற தொழிலதிபர் அந்த கிளப்பின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார். விலை ஒரு பவுண்டு. எழுத்துப் பிழை இல்லைங்க, ஒரே ஒரு பவுண்டு. கூடவே கடனும் வந்தது. 2012 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. அதாவது கடனைக் கட்ட முடியாத கம்பெனியை, வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட ஒருத்தர் எடுத்து நடத்துவார். முக்கியமான கடன்காரர் பிரிட்டிஷ் வரித்துறை. ஜூன்ல கடன் சமரசத்துக்கு அவங்க ஒத்துக்கல. பழைய கம்பெனி கலைப்புக்குப் போச்சு. சார்லஸ் கிரீன் தலைமையிலான குழு 55 லட்சம் பவுண்டுக்கு அதன் சொத்துகளை வாங்கி, புதுக் கம்பெனி மூலமா கிளப்பை நடத்த வந்தது.

புதுக் கம்பெனியை மேல் டிவிஷன்ல சேர்க்கலாமான்னு மத்த கிளப்புகள் ஓட்டுப் போட்டன. வேண்டாம்னு முடிவாச்சு. அப்புறம் கீழ் லீக் கிளப்புகள் கூடின. மொத்தம் 30 கிளப்புகள்ல 25, ரேஞ்சர்ஸ் அடிமட்டத்துல, நாலாவது டிவிஷன்லதான் ஆரம்பிக்கணும்னு ஓட்டுப் போட்டன. பெரிய கிளப் வந்தா டிக்கெட் வித்து லாபம் பார்க்கலாமேன்னு நினைக்காம, தங்களோட ரசிகர்களின் கோபத்துக்குச் செவி கொடுத்தாங்க. அது எனக்குப் பிடிச்ச இடம்.

நாலாவது டிவிஷன்ல ரேஞ்சர்ஸ் ஆடின முதல் ஹோம் ஆட்டத்துக்கு வந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? 49,118. எதிரணி ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர். பல நாட்டு முதல் டிவிஷன்லகூட இவ்ளோ கூட்டம் வராது. 2013-ல் ஒரு படி, 2014-ல் இன்னொரு படி ஏறி, சாம்பியன்ஷிப்புக்கு வந்து சேர்ந்தாங்க. லீக் ஒன்ல ஒரு ஆட்டம்கூடத் தோற்கல. அதனால இந்த வருஷமும் அப்படியே ஏறிடுவோம்னு நம்பினாங்க.

ஹார்ட்ஸ் விழுந்த விதம்

லித்துவேனியாவில் வங்கி நடத்திய விளாடிமிர் ரோமனோவ் 2005-ல் ஹார்ட்ஸைக் கைப்பற்றினார். பணத்தைக் கொட்டினார். கொட்டினது எல்லாம் கடனா ஏறிக்கிட்டே வந்தது. 2012 ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனல்ல பரம எதிரி ஹிபர்னியனை 5-1-னு அடிச்சாங்க. அதே சீசன்ல பிளேயர்களுக்குச் சம்பளம் சரியான நாளுக்கு வரல. 2013-ல் ரோமனோவின் வங்கி கவிழ்ந்தது. ஜூன்ல ஹார்ட்ஸும் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. கடன் சுமார் 2.5 கோடி பவுண்டு.

தண்டனையா 2013-14 சீசனை மைனஸ் 15 புள்ளியோட ஆரம்பிக்கணும். கூடவே இன்னொரு தடை: 21 வயசுக்கு மேற்பட்ட புது பிளேயரைப் பதிவு செய்யக் கூடாது. (21. என் வயசு. அவங்க கணக்குப்படி நான் கடைசிச் சான்ஸ்.) வேற வழியில்லாம கிளப்பின் பசங்களை இறக்கினாங்க. காலம் பாதி பள்ளிக்கூடப் பையன்களை நம்பி ஓடிச்சு. அடி மேல அடி வாங்கினாங்க, கடைசி இடத்துக்கு வந்தாங்க. கையில் 23 புள்ளி. அந்த 15-ஐக் கழிக்காம இருந்தா 38. அப்ப 35 புள்ளி எடுத்த ஹிபர்னியன்தான் கடைசி இடம்!

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. ஹார்ட்ஸுக்கு நாம இறங்கப் போறோம்னு சீசனின் முதல் நாளிலிருந்தே ஏறக்குறையத் தெரியும். தெரிஞ்சே ஒரு வருஷம் தயாராக முடிஞ்சது.

ஹிப்ஸ் விழுந்த விதம்

ஹிபர்னியனை எல்லாரும் ஹிப்ஸ்னு கூப்பிடுவாங்க. எடின்பரோவின் இன்னொரு பாதி. இவங்களுக்குக் கடன் பிரச்சினையோ புள்ளி வெட்டோ கிடையாது. வெறுமனே மோசமா ஆடி 11-வது வந்தாங்க. பிளேஆஃப்ல சாம்பியன்ஷிப் அணியான ஹாமில்டனோட மோதல். முதல் ஆட்டத்தை வெளியூர்ல 2-0-னு ஜெயிச்சாச்சு. ரெண்டு கோலையும் அடிச்சது ஜேசன் கம்மிங்ஸ் என்ற 18 வயசுப் பையன். சொந்த மைதானமான ஈஸ்டர் ரோட்டில் டிரா பண்ணினாலே போதும். 25 மே 2014. கடைசி நிமிஷங்கள்ல ஹாமில்டன் ரெண்டாவது கோலைப் போட்டு சமமாக்கிட்டாங்க. பெனால்டி ஷூட்டவுட். கடைசியா தவறவிட்டது யாருன்னு கேக்கறீங்களா? அதே கம்மிங்ஸ்.

அன்னைக்குச் சாயங்காலம்தான் ஹிப்ஸுக்கு ரெண்டாவது டிவிஷன்னு தெரிஞ்சது. அடுத்த சீசனுக்கு இருந்தது பதினொரு வாரம். பழைய மேனேஜரை அனுப்பி, புது மேனேஜர் ஆலன் ஸ்டப்ஸ் வந்து சேர ஜூன் கடைசி வாரம் ஆயிடுச்சு. (ஃபுட்பால்ல மேனேஜர்னா தலைமைக் கோச் மாதிரி, ஆபீஸ் மேனேஜர் இல்ல.)

ஒரு சாஃப்ட்வேர் அம்மா

இப்ப நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கற பகுதி. ஹார்ட்ஸைக் காப்பாத்தினது யாருன்னா, ஆன் பட்ஜ். 1985-லேயே எடின்பரோவில் நியூவெல் அண்ட் பட்ஜ்னு ஒரு ஐடி கம்பெனியைத் தோழியோட சேர்ந்து ஆரம்பிச்சு, 2005-ல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு வித்துட்டு ஓய்வுக்குப் போனவர். மகள் ஹார்ட்ஸ் ரசிகை, அவர் மூலமா இவரும் ரசிகை ஆனவர்.

அவர் தனியா செய்யல. ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ்னு ரசிகர்கள் ஓர் அமைப்பு தொடங்கியிருந்தாங்க. மாசம் குறைந்தது 10 பவுண்டு, வங்கிக் கணக்கிலிருந்து தானா போயிடும். சுமார் 8,000 பேர் சேர்ந்தாங்க. மாசாமாசம் வர்ற பணம் நம்பிக்கையானதுதான், ஆனா கிளப்பை வாங்க உடனே மொத்தமா பணம் வேணுமே? அந்த 25 லட்சம் பவுண்டை பட்ஜ் போட்டார். ஒப்பந்தம் என்னன்னா, ரசிகர்களோட மாசப் பணம் முதல்ல கிளப் ஓட உதவும், அப்புறம் பட்ஜுக்குக் கடனைத் திருப்பித் தரும், தீர்ந்ததும் பங்குகள் ரசிகர்களுக்கே போயிடும். நம்ம பாஷையில ஈஎம்ஐ போட்டு கிளப் வாங்கறது.

2014 மே மாதம் பொறுப்புக்கு வந்த முதல் நாளே மேனேஜரை மாத்தினார். முன்னாள் மேனேஜர் கிரெய்க் லெவீனை ஃபுட்பால் இயக்குநராக்கினார். களத்துக்கு ராபி நீல்சன், அதே கிளப்பின் பழைய டிஃபெண்டர், தலைமைக் கோச்சா இதுதான் முதல் வேலை. நிறைய சீனியர் பிளேயர்களை விடுவிச்சாங்க, அதுல மனக்கசப்பும் வந்தது. முந்தின வருஷம் அடி வாங்கின பசங்க இருந்தாங்க: ஜேமி வாக்கர், சாம் நிக்கல்சன், காலம் பேட்டர்சன். அவங்களோட ஓஸ்மான் சோ, அலிம் ஓஸ்டர்க், பிரின்ஸ் புவாபென் மாதிரி சில அனுபவசாலிகளைச் சேர்த்தாங்க. ஒரு வருஷம் பெரியவங்களோட ஆடித் தோத்த பசங்களுக்கு ரெண்டாவது டிவிஷன் எப்படி இருந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

சீசன் நடந்த விதம்

முதல் வாரமே ஐப்ராக்ஸ்ல ரேஞ்சர்ஸ்-ஹார்ட்ஸ். 10 ஆகஸ்ட் 2014. ஹார்ட்ஸ் ஒரு கோல் முன்னிலை. 90 நிமிஷம் முடிஞ்சு கூடுதல் நேரத்துல ரேஞ்சர்ஸ் சமன் செய்யுது, ஸ்டேடியம் அதிருது. அந்தச் சத்தம் அடங்கறதுக்குள்ள ஓஸ்மான் சோ மறுபக்கம் கோல் போட்டுட்டார். 2-1. அடுத்த வாரம் ஹிப்ஸையும் 2-1. ரெண்டே வாரத்துல ரெண்டு யானையையும் சாய்ச்சாச்சு.

அக்டோபர்ல ஈஸ்டர் ரோட்டில் ஹிப்ஸ் 1-0-னு ஜெயிக்கிற நிலைமையில் இருந்தாங்க. கூடுதல் நேரத்தில் ஓஸ்டர்க், பாதி மைதானத்தைத் தாண்டி கொஞ்ச தூரத்துலேயே நின்னு ஓங்கி ஒரு உதை. மேல் மூலையில போய் விழுந்தது. அவர் டிஃபெண்டர்ங்க! யூடியூப்ல இருக்கு, பாருங்க. இந்தக் கட்டுரையில நான் தர்ற ஒரே ஹோம்வொர்க் இதுதான்.

அதே நேரத்துல ரேஞ்சர்ஸ்ல வேற படம் ஓடிக்கிட்டு இருந்தது. லீக்லேயே அதிகச் சம்பளம் தர்ற கிளப் அதுதான், ஆனா கையில் காசில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்பின் அப்போதைய முதலாளி மைக் ஆஷ்லியிடம் அக்டோபர்ல 20 லட்சம் பவுண்டு கடன். ஜனவரில இன்னும் 50 லட்சம். டிசம்பர்ல மேனேஜர் ஆலி மெக்காய்ஸ்ட், ஒரு காலத்துல அந்த கிளப்புக்கே அதிக கோல் அடிச்ச ஹீரோ, ராஜினாமா நோட்டீஸ் கொடுத்த செய்தி வெளியே வந்துச்சு. அன்னைக்கே குவீன் ஆஃப் த சவுத்திடம் 2-0 தோல்வி. பிப்ரவரில நியூகாசில்லேர்ந்து அஞ்சு பிளேயர்கள் இரவலா வந்தாங்க. அவங்கள்ல உருப்படியாப் பயன்பட்டவர்னா ஹாரிஸ் வுக்கிச் ஒருத்தர்தான். மார்ச்ல ரசிகர்கள் ஆதரவோட டேவ் கிங் அணி நிர்வாகக் குழுவைத் தூக்கிட்டு உள்ளே வந்தது. அந்த ஒரே சீசன்ல மூணு மேனேஜர்.

ரேஞ்சர்ஸ் மைதானத்துல மட்டும் தோற்கலைன்னு சொல்ல வர்றேன். ஒரு பக்கம் ஒருத்தர் மாசம் பத்து பவுண்டு கணக்குல திட்டம் போட்டாங்க, இன்னொரு பக்கம் அடுத்த மாசச் சம்பளத்துக்கு யார்கிட்ட கேக்கலாம்னு யோசிச்சாங்க. ஹார்ட்ஸ் ரெண்டாவது டிவிஷன்ல இருந்த அந்த வருஷத்துலதான், துப்புரவு வேலை பார்க்கறவங்க வரைக்கும் எல்லா ஊழியருக்கும் வாழ்க்கைச் செலவுக்கேத்த குறைந்தபட்ச ஊதியம்னு அறிவிச்ச முதல் ஸ்காட்டிஷ் கிளப் ஆனது.

மார்ச் 22 அன்று ஹார்ட்ஸ் ஆடவே இல்லை. ஹிப்ஸ் வீட்டுல ரேஞ்சர்ஸ் 2-0-னு ஜெயிச்சது. அதனால ஹிப்ஸால இனி எட்டிப் பிடிக்க முடியாதுன்னு கணக்கு முடிஞ்சது. ஏழு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே ஹார்ட்ஸ் சாம்பியன். கடைசிக் கணக்கு: 36 ஆட்டம், 29 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 96 கோல், 91 புள்ளி. அந்த மூணு தோல்வியில ரெண்டு, பட்டம் உறுதியானதுக்கு அப்புறம் வந்தது. ஹிப்ஸ் 70, ரேஞ்சர்ஸ் 67.

மிச்ச ஏழு பேர்

யானைகளைப் பத்தியே பேசினா மத்தவங்களுக்கு அநியாயம். எனக்கு உண்மையிலேயே பிடிச்ச பகுதி இதுதான்.

அலோவா அத்லெடிக். பார்ட் டைம் கிளப். பிளேயர்கள் பகல்ல வேற வேலை பார்த்துட்டு, சாயங்காலம் பிராக்டிஸுக்கு வர்றவங்க. 2014 டிசம்பர் 3 அன்று சேலஞ்ச் கோப்பை அரையிறுதியில ரேஞ்சர்ஸ் இவங்க மைதானத்துக்கு வந்தது. ரேஞ்சர்ஸ் 2-0 முன்னிலை. அங்கேயிருந்து அலோவா 3-2-னு ஜெயிச்சது. மறுநாள் காலையில அவங்கள்ல பல பேர் வேலைக்குப் போயிருப்பாங்க. ஆபீஸ்ல எப்படி நடந்து போயிருப்பாங்கன்னு மட்டும் நினைச்சுப் பார்ப்பேன்.

ரெய்த் ரோவர்ஸ், கெர்க்கால்டி ஊர் கிளப். (ரெய்த்னு ஒரு ஊரே கிடையாது.) இவங்க பிப்ரவரில ஐப்ராக்ஸுக்கே போய் ஸ்காட்டிஷ் கோப்பையிலேர்ந்து ரேஞ்சர்ஸை 2-1-னு வெளியேத்தினாங்க. அதே கோப்பையில ஃபால்கிர்க் அரையிறுதியில ஹிப்ஸை வீழ்த்தி ஃபைனல் வரை போச்சு. அங்கே இன்வர்னெஸிடம் 2-1 தோல்வி. டம்பார்ட்டன், பாறைமேல் நிக்கிற பழைய கோட்டைக்கு நேர் கீழே ஆடற இன்னொரு பார்ட் டைம் கிளப், ஏழாவது வந்து தப்பிச்சது.

கீழே நடந்த சண்டையில லிவிங்ஸ்டன் கதை வேற மாதிரி. வரி விஷயத்துல விதியை மீறினதுக்கு சீசன் நடுவுல 5 புள்ளி வெட்டு. கடைசி நாள் வரை தொங்கிக்கிட்டு இருந்தாங்க. லிவிங்ஸ்டன் 27, அலோவா 27, கௌடன்பீத் 25. கடைசி நாள்ல அலோவா கௌடன்பீத்துக்கே போய் ஜெயிச்சது. கோல் வித்தியாசத்துல லிவிங்ஸ்டன் தப்பிச்சது, அலோவா பிளேஆஃப் ஆடித் தப்பிச்சது. என்னோட ப்ளூ பிரேசில் கீழே போச்சு. அந்த 10-0 இல்லாம இருந்தாலும் போயிருக்கும்தான், புள்ளியே பத்தலை. ஆனாலும் அந்த ஸ்கோர்லைன் மேல எனக்கு இன்னும் கோபம்.

ஆறு ஆட்டத்தின் விலை

ஆரம்பத்துல பிளேஆஃப் கணக்கை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? மே 2, கடைசி நாள். ஹார்ட்ஸ் மைதானம் டைன்காசில்ல ரேஞ்சர்ஸ் 2-0 முன்னிலை, ரெண்டாம் இடத்துக்கு வாய்ப்பு. ஹார்ட்ஸுக்கு இந்த ஆட்டத்துல ஒண்ணுமே இல்லை, கோப்பையை வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனா கெனெரோ ஸேஃபைக் கடைசி பத்து நிமிஷத்துல ரெண்டு கோல் போட்டு 2-2 ஆக்கிட்டார். ரேஞ்சர்ஸ் மூணாவது இடம்.

முதல் சுற்றுல குவீன் ஆஃப் த சவுத்தை ரெண்டு ஆட்டம் சேர்த்து 3-2-னு தாண்டினாங்க. அடுத்து ஹிப்ஸை 2-1-னு. பிப்ரவரி வரைக்கும் லீக்ல ரேஞ்சர்ஸைப் பந்தாடின ஹிப்ஸ், டிசம்பர்ல 4-0-னு அடிச்ச ஹிப்ஸ், பிளேஆஃப்ல அவங்ககிட்டயே தோத்தது. கடைசிச் சுற்றுல மதர்வெல். ஐப்ராக்ஸ்ல 1-3, வெளியூர்ல 0-3. மொத்தம் 6-1. விசில் அடிச்ச பிறகு ரேஞ்சர்ஸ் டிஃபெண்டர் ஒருத்தர் எதிரணி பிளேயரை உதைச்சு, கைகலப்பு ஆகி, அசிங்கமா முடிஞ்சது.

ஆக மூணு யானைல ஒண்ணுதான் உள்ளே போச்சு. மத்த ரெண்டும் இன்னொரு வருஷம் அதே வாசல்ல. 2016-ல் ரேஞ்சர்ஸ் ஏறியது. ஹிப்ஸ் அந்த வருஷமும் ஏறல. ஆனா ரெண்டாவது டிவிஷன்ல இருந்துக்கிட்டே ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனல்ல ரேஞ்சர்ஸை 3-2-னு ஜெயிச்சாங்க. 1902-க்குப் பிறகு அவங்களுக்குக் கிடைச்ச முதல் ஸ்காட்டிஷ் கோப்பை. 2017-ல் மேலே வந்தாங்க. பெனால்டி தவறவிட்ட அந்த ஜேசன் கம்மிங்ஸ் ஞாபகம் இருக்கா? ஹிப்ஸ்லேயே இருந்து கோல் கோலா அடிச்சான். பின்னாடி ஆஸ்திரேலியாவுக்காக 2022 உலகக் கோப்பையில ஆடினான். 2023-ல் கொல்கத்தா வந்து மோகன் பகானில் சேர்ந்தான். 2025 ஐஎஸ்எல் ஃபைனல்ல மோகன் பகான் பின்தங்கியிருந்தப்ப சமன் செஞ்ச கோல் அவனோடதுதான். பெனால்டி.

ஹார்ட்ஸ் ரசிகர்கள் மாசப் பணத்தை நிறுத்தல. கொரோனா காலத்துல பாதியில நின்ன சீசன்ல கிளப் திரும்பவும் ரெண்டாவது டிவிஷனுக்கு இறக்கப்பட்டது, மறுவருஷமே அதே நீல்சன் தலைமையில ஏறிச்சு. அப்பவும் கட்டிக்கிட்டே இருந்தாங்க. மொத்தம் ஒரு கோடி பவுண்டுக்கு மேல். 2021 ஆகஸ்ட்ல ஆன் பட்ஜ் சொன்ன மாதிரியே 75.1 சதவீதப் பங்குகளை ரசிகர்கள் அமைப்புக்கு மாத்திக் கொடுத்தார்.

கௌடன்பீத் 2015-ல் லீக் ஒன்னுக்கு இறங்கியது. 2016-ல் லீக் டூவுக்கு. 2022-ல் அங்கேயும் கடைசி இடம் வந்து, பிளேஆஃப்ல தோத்து, நாலு டிவிஷன் அமைப்பை விட்டே வெளியே போச்சு. இப்போ அதுக்கும் கீழே வட்டார லீக்ல ஆடறாங்க. என் லேப்டாப்ல மட்டும் அவங்க இன்னும் பிரீமியர்ஷிப்ல அஞ்சாவது இடத்துல இருக்காங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சதும் அந்த சேவ் ஃபைலைத் திரும்பத் திறக்கணும்.